கோர்ட்டு வாசலில் ஒரு பசு

மானியக் கணக்குப் பார்க்கத் திருச்சி ரயிலில் வந்து இறங்கிய டிரஸ்டு ஐயா, குதிரை வண்டி பிடித்து எங்கள் சங்கத்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது, அவரை வரவேற்க நாங்கள் கட்டியிருந்த வாழை மரங்களில் ஒன்றைப் பசு தின்று முடித்திருந்தது. இன்னொன்றை அவர் பார்க்கப் பார்க்கத் தின்றது.

செவலைப் பசு. சங்கத்தின் பெயர்ப் பலகை தொங்கிய கம்பத்திலேயே கட்டியிருந்தது. எதிரே அரியலூர் முன்சீப் கோர்ட்டு. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள், சோடாக் கடைக்காரர் எல்லோரும் அவரவர் வேலையை விட்டுவிட்டு எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரஸ்டு ஐயா வண்டியை விட்டு இறங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது யாரோட மாடு?"

"எங்க கட்சிக்காரங்களோடதுங்க," என்றேன்.

"எந்தக் கட்சிக்காரங்க?"

"தனக்குன்னு ஒண்ணுமில்லைன்னு மனுப் போட்டவங்க."

அவர் மாட்டைப் பார்த்தார். மாடு சாணி போட்டது.

பள்ளிக்கூடத்துக் கதையையே வாராவாரம் எழுதினால் எப்படி, டீச்சருக்கு வேறு பிழைப்பே இருந்ததில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருந்தது. இந்த வாரம் மாட்டுக் கதை.

மானியம் வந்த வழி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டும். நான் அரியலூரில் போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை இந்தத் தொடரில் எழுதப் போவதில்லை, அதையும் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.

திருச்சியில் ஒரு பெரிய நெல் வியாபாரி இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கூடப்பிறந்த அண்ணனோடு ஒரு சுவருக்காக வழக்காடி, கடைசியில் தோற்று, தோற்ற கையோடு படுக்கையில் விழுந்தவர். சாகும்போது உயில் எழுதினார். வசதியுள்ள தனக்கே நியாயம் கிடைக்க இந்தப் பாடு என்றால் இல்லாதவன் என்ன செய்வான், அவனுக்காக ஊர்ஊராகச் சங்கம் வைக்க மானியம் கொடுங்கள் என்று ஒரு பெரிய தொகையை டிரஸ்டில் போட்டுவிட்டார்.

மானியத்துக்குச் சில நிபந்தனைகள். சங்கத்தின் பெயரில் 'ஏழைகள்' என்ற சொல் இருக்க வேண்டும். கமிட்டியில் ஒரு பெண் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து வரும் கட்சிக்காரர்களுக்கு மத்தியானச் சோறு போட வேண்டும். கோர்ட்டுக் கட்டணத்துக்கு மட்டும் இதிலிருந்து காலணா கொடுக்கக் கூடாது. சர்க்கார் தன்னிடம் வாங்கியதே போதும் என்று உயிலில் எழுதியிருந்தாராம்.

கட்டணம் இல்லாமல் ஏழை எப்படி வழக்குப் போடுவான்? அதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டு, கோர்ட்டும் விசாரித்து ஆமாம் என்று ஒத்துக்கொண்டால் கட்டணம் இல்லாமலே வழக்கு நடக்கும். பாப்பர் மனு என்று பெயர். அந்த மனுவை எழுதிக் கொடுத்து, கூடப் போய் நிற்பதுதான் எங்கள் வேலை.

சங்கத்துக்கு வக்கீல் சாம்பசிவம். அப்போதுதான் கோட்டு மாட்டியவர், நல்ல மனுஷர், கட்சிக்காரர் என்று ஒருவரும் இல்லாதவர். கமிட்டிக்குப் பெண் வேண்டுமே என்று ஊரெல்லாம் தேடினார்கள். புருஷனைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடிய பெண் நான் ஒருத்திதான் அகப்பட்டேன். இப்படித்தான் காரியதரிசி ஆனேன்.

பலகையும் குடையும்

'ஏழைகள் வழக்கு உதவிச் சங்கம்' என்று கொட்டை எழுத்தில் பலகை எழுதி மாட்டினோம். கோர்ட்டுக்கு எதிர்த்தாற்போல் தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு மண்பானைத் தண்ணீர். ஒருவரும் வரவில்லை.

கந்தல் கட்டியவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய், காசு வாங்கும் மனு எழுதுகிறவரிடம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழவரை நிறுத்திக் கேட்டேவிட்டேன். அவர் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஊரே பாக்குற எடத்துல இதுக்குள்ள எப்பிடிம்மா நொழையறது?" என்றார். எதிரி வக்கீலும் எதிரியும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அதுவரை எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

'ஏழைகள்' என்பதை எடுத்துவிடலாமா என்று டிரஸ்டுக்கு எழுதிக் கேட்டோம். உயிலில் இருக்கிறது, முடியாது என்று பதில் வந்தது. சாம்பசிவம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் வந்ததும் தன் கறுப்புக் குடையை விரித்து அந்த ஒரு சொல்லை மறைக்கிற மாதிரி, அதன் மேல் அடித்திருந்த இரண்டு ஆணியில் மாட்டிவிடுவார். வெயிலுக்காக என்று சொல்லிக்கொள்வோம். பின்பக்க வேலியிலும் ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு கூட்டம் வந்தது.

சோற்றுக் கதை அதைவிட மோசம். யார் சமைத்தால் யார் சாப்பிடுவார்கள் என்று கமிட்டி பல தடவை கூடிப் பேசி, தொண்டை வறண்டு, எல்லாருக்கும் பொதுவான ஒரு ஆளைப் பிடித்துச் சமைக்க வைத்தது. சோறு கொதித்தது, குழம்பு மணத்தது. வந்தவர்களை உட்காரச் சொன்னால், "இப்பத்தாங்க சாப்ட்டு வந்தேன்," என்றார்கள். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், பெரம்பலூர்ப் பக்கமிருந்து நடந்தே வந்தவர்கள் அத்தனை பேரும் இப்பத்தான் சாப்பிட்டு வந்தவர்கள்.

பிறகுதான் விளங்கியது. காரியமாக வந்த இடத்தில் அந்தக் காரியம் முடியும் முன் கை நனைக்க மாட்டார்கள். பெண் கேட்கப் போன வீட்டிலும் அப்படித்தான், பஞ்சாயத்துப் பேசப் போன வீட்டிலும் அப்படித்தான். எங்கள் சங்கத்திலோ காரியம் முடிய வருஷக் கணக்காகும். சமையல்காரர் தானே சமைத்துத் தானே சாப்பிட்டு நன்றாகச் சதை போட்டார். அவரையும் அனுப்பிவிட்டோம்.

எனக்கு இதில் ஆச்சரியப்பட உரிமை இல்லை. எங்கள் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற பாதிப் பேர் தங்கள் பாவத்தைச் சொல்வதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரன் பாவத்தைச் சொல்வார்கள். வரப்பை வெட்டினான் சாமி, புளியமரத்தை உலுக்கினான் சாமி என்று. சாமியாரும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார். எங்கள் ஊருக்கு நெடுநாள் அதுதான் கோர்ட்டு. என் அப்பா மட்டும் ஒரு தடவை தன்னுடைய பாவத்தையே சொல்லிவிட்டு வந்து, சாமியார் அதிர்ந்து போய்விட்டதாகச் சொன்னார். சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அஞ்சலையக்கா

வேலிச் சந்து வழியாக ஒரு நாள் அஞ்சலையக்கா வந்தாள். நாற்பது வயதிருக்கும். நெட்டை உருவம், துவைத்துத் துவைத்து நிறம் போன சேலை, ஆனால் ஒரு கிழிசல் கிடையாது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் ரோட்டை ஒட்டிய ஒரு ஊர். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது என்மேல் வழக்குப் போடுவார்கள்.

அவளுக்கு எறையூரிலிருந்த அப்பா சீதனமாக ஒரு கொல்லை எழுதிக் கொடுத்திருந்தார். கறுப்பு மண் புஞ்சை, ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு புங்க மரம். புருஷன் காய்ச்சலில் போனதும், பொம்பளை தனியாக எப்படி ஏர் ஓட்டுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுடைய மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் வையாபுரி, கொல்லையை எடுத்துக்கொண்டார். முதலில் மூட்டைக் கம்பு வந்தது. பிறகு மரக்கால் கணக்கில் வந்தது. பிறகு வரவில்லை. கேட்டபோது, எந்தக் கொல்லை என்று கேட்டார்.

பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கிருந்தது அந்தக் கொல்லை ஒன்றுதான். இதற்குள் வையாபுரி அதை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு என்ன டீச்சரம்மா குறைச்சல் என்றாள். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக வெளிவந்தது. விடியும் முன் கிளம்பி நாலு ஊர் தாண்டிப் போய், முகம் தெரியாத கொல்லைகளில் கடலை பிடுங்குகிறாள், மல்லி அறுக்கிறாள். உள்ளூரில் கூலிக்குப் போகலாமே என்றேன். "அந்த வூட்டு மருமவ கூலிக்குப் போறான்னு பேராயிடாதுங்களா?" என்றாள்.

யாருக்கு? அவளை மொட்டையடித்த அதே வீட்டுக்கு. எனக்கு வாயில் ஏதோ வந்தது. வாத்தியாரம்மா என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

சாம்பசிவம் மனுவைத் தயார் செய்தார். வழக்குப் போட்டுக் கேட்கிற கொல்லையைச் சொத்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அது போனால் இவளிடம் இருப்பது கட்டின சேலையும் ஒரு மண்சட்டியும்தான், மனு கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும் என்றார். சட்டத்தை நன்றாகத்தான் படித்திருந்தார்.

முன்சீப்பு கேட்ட கேள்வி

விசாரணை அன்று பெரம்பலூரிலிருந்து வரும் கரி பஸ்ஸில் அந்த ஊர் பாதி வந்து இறங்கியது. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டிக் கரியைப் போட்டு ஓட்டுவார்கள். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். இவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் வழி நெடுகப் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

முதலில் ஊர் மணியக்காரர் கூண்டில் ஏறினார். கெட்டவர் இல்லை. சரிகை அங்கவஸ்திரம், நெற்றி நிறையத் திருநீறு. இந்தம்மாளுக்குச் சொத்து எதுவும் இல்லையா என்று கேட்டார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊர்ல அப்பிடியாப்பட்டவங்க யாரும் கெடையாதுங்க," என்றார். கொல்லை யாருடையது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு இறங்கினார்.

அடுத்து வையாபுரி. அவருக்கு இரட்டை லாபம். மனு தோற்றால் வழக்கு இல்லை, கூடவே வீட்டு கௌரவமும் மிச்சம். தெய்வ சாட்சியாகச் சத்தியம் செய்துவிட்டு அடுக்கினார். தம்பி மனைவியைத் தெருவில் விட்டுவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கென்று கறவைப் பசு இருக்கிறது, செவலை, தன் கொட்டிலில்தான் நிற்கிறது. வெண்கலப் பாத்திரம் இருக்கிறது. கழுத்துக்கு இரட்டை வடச் சங்கிலி இருக்கிறது, பத்திரத்துக்காகத் தன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

அப்படி ஒரு சொத்து தனக்கு இருப்பதை அஞ்சலையக்காவே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

முன்சீப்பு ஐயா நல்ல மனுஷர். அவருக்கு இதில் நம்பிக்கை விழவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அஞ்சலையக்காவை மறுபடி கூப்பிட்டார். சட்டப் பேச்செல்லாம் இந்தம்மாளுக்குப் புரியாது, சாதாரணமாகக் கேட்போம் என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் அன்பாக, அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

"ஏம்மா, வீட்டுல சாப்பாட்டுக்கு வழி இருக்கா, இல்லையா?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் ஊர் உட்கார்ந்திருந்தது. மணியக்காரர், வையாபுரி, பங்காளிகள், மாமன் முறை, மச்சான் முறை. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இருக்குங்க," என்றாள். "அதுக்கென்னங்க கொறச்சல்."

சாம்பசிவம் தலையைக் குனிந்துகொண்டு காலடியில் ஏதோ தேடினார். மனு தள்ளுபடி ஆனது. குறிப்பிட்ட நாளுக்குள் கட்டணத்தைக் கட்டினால் வழக்கு நடக்கும், இல்லையென்றால் இல்லை.

செவலை கைமாறியது

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் வைத்துக் கத்திவிட்டேன். இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தோமே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையா என்று. எனக்கு அழுகைகூட வந்தது. அவள் என்னை ஏதோ வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அத்தன ஆம்பளைங்க ஒக்காந்திருக்கையில சோறு இல்லைன்னு என்னைச் சொல்லச் சொல்றீங்களா டீச்சரம்மா?"

"கொல்லை போயிடும்க்கா."

அவள் எதிரே எங்கள் கொட்டகைக்குப் போனாள். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "மூத்தாரு சத்தியம் பண்ணித்தான சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எல்லாரும் கேட்டாங்கள்ல?"

"கேட்டாங்க."

"அப்ப சரி. போயிட்டு வரேன்."

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அவளும் சொன்னாள், மணியக்காரரும் பின்னால் சொன்னார். இரண்டும் ஒத்துப் போனது. அந்த ஊரில் அது ஒன்றுதான் ஒத்துப் போனது.

ஊருக்குப் போனவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மணியக்காரர் வாசலில் போய் நின்றிருக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னீர்கள், ரொம்ப சந்தோஷம், என் மாட்டை வாங்கிக் கொடுங்கள் என்றிருக்கிறாள். மணியக்காரருக்கு மறுக்க வழியில்லை. மறுத்தால் ஊரில் ஏழை இருக்கிறாள் என்றாகிவிடும். அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கூட நடந்திருக்கிறார். வேடிக்கை பார்க்கத் தெருவும் கூட நடந்திருக்கிறது.

வையாபுரி, கோர்ட்டில் பேசியது கோர்ட்டோடு போயிற்று என்றாராம். அப்படியானால் தெய்வ சாட்சியாகப் பொய் சொன்னாயா என்று மணியக்காரர் கேட்டாராம். அந்தச் சமயத்தில்தான் அஞ்சலையக்கா மெதுவாக அடுத்ததைக் கேட்டிருக்கிறாள்.

"மாடு இருக்கட்டும். சங்கிலி எங்க மூத்தாரே?"

வையாபுரியின் மனைவி அப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்தவள். இரட்டை வடம் அவள் கழுத்தில் கிடந்தது. அவள் அப்பன் வீட்டில் போட்டது. அதைப் புருஷன் கோர்ட்டுக்குப் போய் ஓரகத்தி பேரில் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறான் என்பதை ஊரோடு சேர்ந்து அவளும் கேட்டாள். அவள் புருஷனைச் சொன்ன வார்த்தைகளை இந்த வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. சொல்லி முடித்துவிட்டு, கொட்டிலுக்குள் போய்த் தன் கையாலேயே செவலையை அவிழ்த்துக் கொண்டுவந்து அஞ்சலையக்கா கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

"மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ. சங்கிலிப் பேச்ச மட்டும் இனிமே எடுக்காத."

மறுநாள் அரியலூரில் சந்தை. கோழி கூவும் முன்னே மாட்டை ஓட்டிக்கொண்டு புறப்பட்டு, சந்தை கூடும் வரை கட்டிவைக்க இடமில்லாமல், அவளுக்குத் தெரிந்த ஒரே இடமான எங்கள் கம்பத்தில் கட்டிவிட்டு, மாட்டுத் தரகர் யார் என்று விசாரிக்கப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் டிரஸ்டிலிருந்து ஆள் வருகிறார் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

டிரஸ்டு ஐயா

ஒருவழியாக வண்டியை விட்டு இறங்கினார். ஜட்ஜு உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். அவர் வருகிறார் என்று குடையைக் கழற்றி வைத்திருந்தோம். பலகையைப் படித்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், கதை முழுவதையும் கேட்டார். நடுவில் சிரிக்கவே இல்லை. சோற்றுக்காகக் கொடுத்தது அப்படியே இருக்கிறதே என்று கேட்டார். யாரும் சாப்பிடவில்லை என்றேன். பசியில்லையா என்றார். இப்பத்தான் சாப்பிட்டு வந்தார்களாம் என்றேன்.

அதற்குள் அஞ்சலையக்கா வந்துவிட்டாள். பெரிய மனுஷர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலெல்லாம் ரோட்டுப் புழுதி.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எங்களிடம் இங்கிலீஷில் தீர்ப்புச் சொல்வதுபோல் சொன்னார். டிரஸ்டு ஏழைகளுக்காக. இந்த அம்மாள் ஏழை இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு மேல் டிரஸ்டு போக முடியாது. இவளுக்காகச் செலவழித்ததை ஒத்துக்கொள்ள வழியில்லை. வருகிறவர்கள் எல்லோருமே தங்களுக்குக் குறையில்லை என்கிறார்கள் என்றால், அடுத்த வருஷம் மானியத்தை எதற்குத் தருவது?

சாம்பசிவம் சட்டம் பேசினார். நான் பொறுமையை விட்டேன்.

"நியாயம் கேக்க வர்றவ மொதல்ல நான் பிச்சைக்காரின்னு ஊரறிய ஒத்துக்கணும்னா, அந்த மானியத்த நீங்களே வச்சுக்குங்க சார்."

"அதைத்தான் செய்யப் போறோம்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

எழுந்து வெளியே போனவர் வாசலில் நின்றார். மாடு அவர் செருப்பை முகர்ந்து பார்த்தது. பலகையை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். சாத்தி வைத்திருந்த சாம்பசிவத்தின் குடையை எடுத்து விரித்தார். தனக்குப் பிடித்துக்கொள்ளத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அதைக் கொண்டுபோய், இரண்டு ஆணியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, 'ஏழைகள்' மேல் சரியாக மாட்டினார். குடை பற்றி நாங்கள் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வெயிலில் நடந்து வண்டி ஏறிப் போய்விட்டார்.

மாடு சந்தையில் விலை போனது. கட்டணம் கட்டியாயிற்று. மானியம் வரவில்லை.

கொல்லை

கொட்டகையைக் காலி செய்தோம். அதில் பிறகு பீடிக்கடை வந்தது. அஞ்சலையக்காவின் வழக்கைச் சாம்பசிவம் சும்மாவே நடத்தினார். எனக்கு வேறு கட்சிக்காரன் இல்லையே டீச்சர் என்பார். கேட்டால் அதுதான் காரணம் என்று கடைசி வரை சொன்னார். வழக்கு முடியும் வரை கொல்லையை விற்கக் கூடாது என்று ஒரு தடை வாங்கியதுதான் அவருடைய முதல் வெற்றி. அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. இதற்குள் யுத்தம் முடிந்தது. கரி பஸ் போய்ப் பெட்ரோல் பஸ் வந்தது. வையாபுரி சத்தியம் பண்ணி ஒரு தடவை மாட்டிக்கொண்டவர் என்பதால் இந்த முறை கூண்டில் அளந்து அளந்து பேசினார். கொல்லை அவளுக்கென்று தீர்ப்பானது.

கோர்ட்டு அமீனா வந்து தமுக்கடித்துக் கொல்லையை ஒப்படைக்கிற அன்று நானும் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. கறுப்பு மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை.

வையாபுரி வரவில்லை. அவர் மனைவி வந்து வரப்பில் நின்றாள், சங்கிலியைப் போட்டுக்கொண்டு. மணியக்காரர் அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். எங்கள் ஊரில் ஏழை கிடையாது என்று நான் அப்போதே கோர்ட்டில் சொன்னேனே என்று அமீனாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அமீனா நாலு மூலையிலும் நடந்து காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தமுக்குக்காரரும் போனார். அஞ்சலையக்கா புங்க மரத்தடியில் கிணற்று மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

மணியக்காரர் புறப்படும்போது, அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுபோல், பதிலுக்குக்கூட நிற்காமல் கேட்டார்.

"என்ன அஞ்சல, சாப்ட்டியா?"

"இல்லீங்க," என்றாள். "பசிக்குது."

மணியக்காரர் நின்றுவிட்டார். அவள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வரப்போடு நடந்து போனார்.

நான் தூக்கைத் திறந்தேன். எடுத்த எடுப்பில் உட்காரவில்லை அவள். கிணற்றில் வாளியை விட்டு நீர் இறைத்து, கையையும் காலையும் கழுவிக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தாள். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவசரப்படாமல், ஒரு பருக்கை கீழே விடாமல், தூக்கின் அடிவரை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை.